தோற்றவர் பாடும் இரண்டு வரி

அந்த வருடம் அப்பா வீட்டை விட்டுப் போனது கொம்புக்காகத்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அல்லது, நம்புவதாக ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. நம்புவதற்கும் நம்புவதாகக் காட்டிக்கொள்வதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது என்பதும், பெரியவர்கள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் குடியிருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

மட்டக்களப்பில், களுதாவளையிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில், வாவிக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். மழை பொய்த்துப்போகும் ஆண்டுகளில், கண்ணகி அம்மனின் மனத்தைக் குளிர்விப்பதற்காக அங்கே கொம்பு இழுப்பார்கள். ஊர் இரண்டாகப் பிரியும்: ஒரு பாதி வடசேரி, மறு பாதி தென்சேரி. காட்டு மரத்தின் வேரில் செதுக்கிய, மாட்டுக் கொம்பைப் போல வளைந்த இரண்டு கட்டைகளை ஒன்றுக்குள் ஒன்றாகக் கொளுவி, இருபுறமும் வடம் பிணைத்து, இரு சேரி ஆண்களும் கோயிலுக்கு முன்னாலுள்ள சந்தியில் நின்று இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர் தோற்றவர். அதற்கு முந்திய பத்து நாளும் பாட்டு நடக்கும். ஒரு சேரி மற்றச் சேரியை ஏசிப் பாடும். அடுத்த நாள் மற்றது பதில் பாடும். இது விளையாட்டு என்பது ஊருக்கே தெரியும். ஆனால் கொம்பு முறிகிற வரைக்கும் அதை விளையாட்டு என்று எவரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது.

கோயிலில் நாம் எந்தக் குடி என்பது தாய்வழியில் வரும். கொம்பில் எந்தச் சேரி என்பது தந்தைவழியில் வரும். ஆகவே ஒரே கூரையின் கீழ் இரண்டு சேரிகள் படுத்துறங்குவது எங்கள் ஊரில் புதுமையல்ல. அம்மா வடசேரி, அப்பா தென்சேரி. பாட்டுத் தொடங்கும் நாளில் இப்படிப்பட்ட தம்பதிகள் பிரிந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வருவது. ஆண் அங்கே வந்து வாழ்கிறவன். எனவே பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேற வேண்டியவன் அவன்தான்.

சண்டைக் காலம் முழுவதும் கொம்பு இழுக்கப்படவில்லை. துப்பாக்கிகள் ஓய்ந்திருந்த அந்தச் சில வருடங்களில் ஒன்றில், மாரி மழை ஏமாற்றி, குளங்கள் வற்றி, எங்கள் கிணற்று வாளியில் தண்ணீரோடு மணலும் ஏறத் தொடங்கியது. வைகாசியில் கொம்பு உண்டு என்று கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர் அறிவித்தார். அறிவித்த மூன்றாம் நாள் காலை அப்பா தன் பாயையும் இரண்டு சாரனையும் சவரப் பெட்டியையும் சைக்கிளின் பின்னால் வைத்துக் கட்டினார். பாட்டுத் தொடங்குவதற்கு அப்போது இன்னும் ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், இருந்தது.

பக்கத்து வளவில் குடியிருந்த மாமா, அம்மாவின் அண்ணன், வேலிக்கு மேலால் தலையை நீட்டினார். வடசேரிக்குப் பாடுகிறவர் அவர்.

“என்ன மச்சான், ஒரு கிழம முந்தியே எல்ல தாண்டுறீங்க?”

“வடசேரிச் சோறு செமிக்குதில்ல மச்சான்.”

“செமிக்காட்டி இஞ்சி குடிக்கலாமே. பாய என்னத்துக்குக் கட்டுறீங்க?”

மாமா தன் பகடிக்குத் தானே சிரித்தார். அப்பாவும் சிரித்தார். குசினிக்குள் அம்மா தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் ஒரு கணமும் நிற்கவில்லை. அன்றைய கறிக்கு ஒரு தேங்காய் போதும். அம்மா மூன்று தேங்காய் திருவியிருந்தார் என்பதைப் பிறகுதான் கண்டேன்.

அதற்கு முந்திய மாதம் அம்மா மட்டக்களப்பு டவுனுக்குப் போய் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வெள்ளைத் திரைக்கு முன்னால், இரண்டு காதும் தெரிய, சிரிக்காமல். ஒரே படத்தில் ஆறு பிரதிகள். இத்தனை இருக்கிறதே என்று நான் ஒன்று கேட்டேன்; தரவில்லை. அப்பா அவற்றை அலுமாரிக்குள் கண்ட நாளிலிருந்து இருவரும் என்னிடம் மட்டுமே பேசினார்கள். “அப்பாட்டக் கேள், சோறு போடவா எண்டு.” “அம்மாட்டச் சொல்லு, பசிக்கல்ல எண்டு.” இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டே இதைச் சொல்வார்கள். நான் நடுவில் நின்று, ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சற்று உரத்துச் சொல்வேன். கொம்பு வருவதற்கு முன்பே ஒத்திகை பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அப்பா நான்கு ஒழுங்கை தள்ளி, வாவியை ஒட்டியிருந்த தன் அக்காவின் வீட்டுக்குப் போனார். எனக்கு அவர் மாமி. அப்பா போன பிறகுதான் என் நிலைமையின் சிக்கல் எனக்கு விளங்கியது. பிள்ளைகள் தகப்பனின் சேரி. ஆக, நான் எதிரியின் வீட்டில் சோறு தின்னும் தென்சேரிக்காரி. அதை மாமா ஒருநாளும் மறக்கவிடவில்லை.

“தென்சேரிக்காரிக்கு மீன்தல குடுக்காத தங்கச்சி. திண்டுபோட்டு எங்களுக்கு எதிராக் கயிறு இழுப்பா.”

“பொம்புளப் புள்ளயள் கயிறு தொடுறதில்லயே மாமா.”

“கயிறு என்னத்துக்கு? வாயால இழுப்பாய்தானே. அப்பாட வாய்தானே உனக்கும்.”

மீன்தலை எனக்குக் கிடைத்தது. மாமா ஏசியபடியே தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து எடுத்து வைத்ததுதான் அது.

பாட்டுத் தொடங்கியதும் அவர் என்னை வேறு வேலைக்கு அமர்த்தப் பார்த்தார். காத்தான்குடியிலிருந்து ஐஸ்பழப் பெட்டியோடு சைக்கிளில் வருகிற, காக்கா என்று நாங்கள் அழைக்கும் முஸ்லிம் வியாபாரியை ஒழுங்கையில் மறித்து, என்னைக் கூப்பிட்டார்.

“நாளைக்கு உன்ட அப்பா பாடப்போறதில ஒரு வரி. ஒரேயொரு வரி. கேட்டுட்டு வந்து சொல்லு மனே.”

ஐஸ்பழக்காரர் பெட்டியின் மூடியில் கை வைத்தபடி, “புள்ளய உளவுக்கு உடுறீங்களா தம்பி? இது அல்லாவுக்கும் அடுக்காது, உங்கட அம்மாளுக்கும் அடுக்காது” என்றார். ஆனாலும் பெட்டியைத் திறந்தார்.

ஐஸ்பழத்தைத் தின்றேன்; வரியைச் சொல்லவில்லை. நானே கட்டிய பொய் வரிகளைச் சொன்னேன். அவை சந்தத்துக்குக்கூடப் பொருந்தாதவை. மாமா அவற்றை நம்பி, தென்சேரிக்கு இந்த முறை பாட்டே வராது என்று சந்தியெல்லாம் சொல்லித் திரிந்தார்.

வடசேரிக்குப் பாடியது மாமா என்றாலும், பாட்டுக் கட்டியது அம்மா. இது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். பெண்கள் சந்தியில் பாடுவதில்லை. வேலியோரம் நின்று கேட்பார்கள். அம்மா அரிசி களையும்போதும், சுளகில் புடைக்கும்போதும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, திடீரென்று “புள்ள, கொப்பியக் கொண்டா” என்பார். என் சுற்றாடல் பாடக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள் அந்த வைகாசியில் நிரம்பின. தென்சேரிக்கோ கட்டுவதும் பாடுவதும் அப்பாதான். வாவிக்கு அப்பால், படுவான்கரை வட்டையில், எங்கள் வயல்வெளியில், நெற்சூடு மிதிக்கும் காலங்களில் அவருடைய குரல் வாவிக்கு இக்கரையிலும் கேட்கும் என்று சொல்வார்கள். இரண்டு வருடமாக அந்த வட்டையில் சூடு மிதிக்கவில்லை. ஒரு போகம் வெள்ளம் கொண்டுபோனது. அடுத்த போகம் வெயில் கொண்டுபோனது.

முதல் நாள் வடசேரி இப்படிப் பாடியது:

தென்சேரி ஆம்பிளைகள் தெரிஞ்செடுத்த வடம்பாரு
தென்றல் வந்து தொட்டதுமே திரிதிரியாய்ப் போச்சுதடி

மறுநாள் பொழுது சாயும் வேளையில் அப்பாவின் குரல் சந்தியிலிருந்து எங்கள் வளவு வரைக்கும் வந்தது:

வடசேரிப் பெண்டுகளின் வாய்நீளம் நாமறிவோம்
வடம்திரிக்க நாரெதற்கு வாயிருக்கப் பஞ்சமென்ன

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். பல கிழமைகளுக்குப் பிறகு அம்மா சிரித்ததை அன்றுதான் கண்டேன். “என்ன வாய் பாரன் இந்த மனிசனுக்கு” என்றார். அதை யாரிடமும் போய்ச் சொல்லும்படி எனக்குச் சொல்லவில்லை.

கொம்பு முறிந்ததும் ஏச்சுப் பாட்டு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு பாட்டு உண்டு. நான்கே வரி. முதல் இரண்டு வரி வென்றவர்களுடையது: நாங்கள் முன்னே போகிறோம் என்பார்கள். பின்னிரண்டு வரி தோற்றவர்களுடையது: நாங்கள் பின்னே வருகிறோம் என்று முடித்துக்கொடுப்பார்கள். பிறகு அந்த நான்கு வரியையும் ஊரே சேர்ந்து பாடிக்கொண்டு, அம்மனின் கும்பத்தோடு, வென்ற சேரி முன்னும் தோற்ற சேரி பின்னுமாக ஒழுங்கைகளைச் சுற்றி வரும். இந்தப் பாட்டு நிறைவேறினால்தான் அம்மாள் குளிர்வாள், மழை தருவாள். அரைப்பாட்டில் நின்றுபோனால் கொம்பு இழுத்ததே வீண். யார் வெல்வார் என்பது முன்கூட்டித் தெரியாதாகையால், ஒவ்வொரு சேரியும் வென்றால் பாட இரண்டு வரி, தோற்றால் பாட இரண்டு வரி என்று இரண்டையும் கட்டி வைத்திருக்கும். வென்ற பாட்டில் எல்லோருக்கும் ஆசை. தோற்ற பாட்டைக் கடைசி நேரத்தில் யாராவது கடமைக்குக் கட்டுவார்கள்.

மாமா வென்ற பாட்டைக் கேட்டு அம்மாவை நச்சரித்தார். அம்மா என்னைக் கண்ணால் காட்டி, “இப்ப தந்தா அது தென்சேரிக்குக் காலால நடந்து போயிரும் அண்ண. இழுக்கிற அண்டைக்குத் தாறன்” என்றார். உளவாளியை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இது நியாயமாகத்தான் பட்டது.

கடைசி நாளுக்கு முந்திய நாள் கொப்பியைப் புரட்டினேன். அடித்தும் திருத்தியும் எழுதிய ஒரு பக்கத்தின் அடியில், அடித்தலில்லாமல் இரண்டு வரிகள் இருந்தன:

முன்கயிறு நீர்பிடியும் மூச்சடக்கி நாம்தொடர்வோம்
பின்கயிறு விட்டகலோம் பெண்ணரசே மழைதாரும்

தோற்றால் பாடுவது. வென்றால் பாடுவதைத் தேடினேன். முன்பக்கம், பின்பக்கம், நீர்வட்டம் வரைந்திருந்த நடுப்பக்கம் எங்கும் இல்லை.

“அம்மா, வெண்டாப் பாடுறது எங்க?”

“அது தேவப்படாது.”

“ஏன்?”

“தேவப்படாது புள்ள. ஆருட்டயும் சொல்லிராத.”

அன்று பள்ளிக்கூடம் விட்டதும் மாமி வீட்டுக்குப் போனேன். அப்பா முற்றத்தில் குந்தியிருந்து, கலண்டரில் கிழித்த தாளொன்றின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மறைக்கவில்லை. அதிலும் இரண்டே வரிகள்:

நாங்கள்தோற்க நாணமில்லை நடந்துவாறோம் உங்கள்பின்னே
தாங்கும்தோள் நாங்கள்தாறோம் தாயாரே மழைதாரும்

“வெண்டாப் பாடுறது கட்டல்லயா அப்பா?”

“தோக்கிறதுக்குத்தான் மகள் பாட்டு வேணும். வெல்லுறவனுக்குக் கூக்குரல் காணும்.” தாளை நான்காக மடித்துச் சாரன் மடியில் செருகினார். “அம்மாக்குச் சொல்லாத.”

இப்படியாக இரண்டு பக்கத்து இரகசியமும் என் ஒருத்தியிடம் வந்து சேர்ந்தன. அதை நான் என் வயதுக்கேற்ப விளங்கிக்கொண்டேன்: இருவருக்குமே தங்கள் பக்கத்தில் நம்பிக்கை இல்லை. இருவருமே தோற்கப்போவதாக நினைக்கிறார்கள். எனக்கு வெட்கமாயிருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நான் படலையைத் தாண்டும்போது மாமி அப்பாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“கொம்பு முறிஞ்சா எல்லாரும் அவங்கவங்கட ஊட்ட போயிருவாங்க. நீ போவியா, இஞ்சயே கிடப்பியா? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லு. பானையில அரிசி போடணும்.”

அப்பா எழுந்துபோய்ச் சைக்கிளுக்குக் காற்றடிக்கத் தொடங்கினார். நான் வேலியோரமாகக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பிறகும் காற்றடித்துக்கொண்டே இருந்தார்.

கொம்பு இழுக்கும் நாள் பின்னேரம் சந்தியில் கால்வைக்க இடமில்லை. வெயில் தாழ்ந்திருந்தாலும் மணல் இன்னும் சுட்டது. வடத்தின் ஒரு பக்கம் மாமாவும் ஆட்களும். மறுபக்கம் அப்பாவும் ஆட்களும். பெண்கள் கிடுகு வேலியோரம் நின்றார்கள்; வடசேரிப் பெண்கள் ஒரு பக்கம், தென்சேரிப் பெண்கள் ஒரு பக்கம். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல், இரண்டுக்கும் நடுவே, கோயில் வேம்பின் அடியில் நின்றேன். மேளம் உச்சத்துக்குப் போயிற்று. வடம் விறைத்தது. கொளுவியிருந்த கொம்புகள் முனகின. இரண்டும் முறியாமலிருக்க வேண்டும் என்று அம்மாளைக் கேட்டுக்கொண்டேன். அப்படி ஒரு முடிவு கொம்புக்குக் கிடையாது என்பது தெரிந்தும் கேட்டேன்.

காய்ந்த மட்டை ஒடிவதுபோல ஒரு சத்தம். இரண்டு பக்கத்து ஆண்களும் மல்லாக்க விழுந்தார்கள். புழுதி அடங்கியபோது கட்டாடியார், அம்மனுக்குப் பூசை செய்பவர், முறிந்த கொம்பைத் தூக்கிக் காட்டினார். தென்சேரியின் கொம்பு. வடசேரி வென்றிருந்தது.

மாமாவை யாரோ தோளில் தூக்கினார்கள். அவர் அங்கிருந்தபடியே வேலிப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“தங்கச்சி! எடு பாட்ட!”

அம்மா அசையவில்லை.

“எங்ககா பாட்டு? சனம் பாத்துக்கொண்டு நிக்குது!”

“இல்ல அண்ண.”

“என்ன இல்ல?”

“வெண்டாப் பாடுறது நான் கட்டல்ல.”

மேளம் நின்றது. தோளில் இருந்த மாமா மெதுவாகக் கீழே இறக்கப்பட்டார். தென்சேரிப் பக்கம் ஒருவன் விசிலடித்தான், இன்னொருவன், “வெண்டும் வாய் பேசாத வடசேரி!” என்று கூவினான். சிரிப்பு எழுந்தது. கட்டாடியார் சிரிக்கவில்லை. கும்பத்தின் முன்னால் எரிந்த கற்பூரத்தைப் பார்த்தார். அது பாதி கரைந்திருந்தது. அம்மாவின் பக்கத்தில் நின்ற பெண்கள் அம்மாவிடமிருந்து சற்று விலகியதை நான் கண்டேன். ஒரு முழம்கூட இருக்காது. அம்மா தனியே நின்றார். கை சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. வேம்படியில் நின்று, பாடசாலையில் வாய்பாடு சொல்லும் குரலில், கத்திவிட்டேன்.

“அப்பாட்டயும் இல்ல! அவரும் கட்டல்ல! அவரும் தோத்த பாட்டுத்தான் வெச்சிரிக்கார்! ரெண்டு பேரும் தோத்த பாட்டுத்தான் வெச்சிரிக்காங்க!”

அப்பா நிமிர்ந்தார். என்னைப் பார்க்கவில்லை. சந்தியின் குறுக்கே, வேலியோரம் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தார். படம் எடுத்துவந்த நாளுக்குப் பிறகு அவர்கள் ஒருவரையொருவர் அப்படிப் பார்த்து நான் காணவில்லை.

முதலில் பேசியது மாமி.

“இரிக்கிறத வெச்சுப் பாடுங்களன். ரெண்டு வரி அங்க, ரெண்டு வரி இஞ்ச. நாலாகல்லயா?”

“அதெப்பிடி அக்கா?” மாமாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. “ரெண்டு சேரியும் பின்னால வாறம் பின்னால வாறம் எண்டு பாடினா, முன்னால ஆரு போற?”

“ஏன், அம்மாள் இரிக்கா. அவ போகட்டும். அவக்கு முன்னால நடக்க உங்களுக்கு ஆரு சொன்ன?”

கட்டாடியார் கும்பத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, இரண்டு சேரிக்கும் முன்னால் போய் நின்றார். அதுவே தீர்ப்பாயிற்று.

அம்மாவின் இரண்டு வரி மாமாவுக்குத் தெரியாது. ஆகவே அம்மாதான் பாட வேண்டியதாயிற்று. முதல் வரி வேலியோரம் நின்றவர்களுக்கு மட்டுமே கேட்டிருக்கும். ‘பின்கயிறு விட்டகலோம்’ என்ற இடத்தில் குரல் உடையப் பார்த்து, உடையாமல், ஏறியது. பிறகு அப்பா. முறிந்த கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே, வட்டையில் பாடும் குரலில் அல்ல, குசினிக்குள் பாடுகிற குரலில் பாடினார். இரண்டும் ஒரே இடத்தில் வந்து முடிந்தன: மழைதாரும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததில்லை. பார்த்தவள் நான் மட்டுமே.

மூன்றாம் முறை ஊரே பாடியது. முன்னே போகிறவர் யாருமில்லாததால் முன்வரிசை என்று ஒன்று அமையவில்லை. ஆண்கள் கலந்தார்கள், பெண்கள் வேலியை விட்டு இறங்கினார்கள். இரண்டு வருடம் விளைச்சல் காணாத மனிதர்கள், கிணற்றடியில் வாளிக்காகச் சண்டை பிடித்திருந்த பெண்கள், வென்றதாகவும் சொல்ல முடியாமல் தோற்றதாகவும் சொல்ல முடியாமல், ‘நாங்கள் பின்னால் வருகிறோம்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு ஒழுங்கைகளில் நடந்தார்கள். நடுவில் யாரோ என் கையைப் பிடித்தார்கள். எந்தச் சேரிக் கை என்று பார்க்கத் தோன்றவில்லை.

வானம் அன்று வெளிச்சமாகவே இருந்தது. ஒரு துளியும் விழவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது. அப்பா பாயை அவிழ்த்துக்கொண்டு உள்ளே வந்தார். அம்மா அடுப்படியிலிருந்து திரும்பாமலே சொன்னார்:

“அந்தப் பாய உள்ளுக்குக் கொண்டு வராதீங்க. நாளைக்கு வெயில்ல போடணும். மச்சாள் ஊட்டு மூட்டப்பூச்சி எனக்கு வேணாம்.”

ஒரு மாதத்துக்கும் மேலான பிறகு அம்மா அப்பாவிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அது. எவர் வழியாகவும் சொல்லப்படவில்லை. என் வேலை அன்றோடு போயிற்று.

பன்னிரண்டாம் நாள் ஒரு சிறு மழை பெய்தது. புழுதியை அடக்கும் அளவுக்கு. இரண்டு சேரியும் அதற்கு உரிமை கொண்டாடின. மெய்யான மழை ஐப்பசியில் வந்தது. அதே ஐப்பசியில் ஒரு காலை அம்மா குவைத்துக்குப் போனார். நாங்கள் பாடிக் கேட்ட மழை அம்மாவின் பயணப் பையை நனைத்தது. பஸ்ஸுக்குள் ஏறும் வரைக்கும் அப்பா அந்தப் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

ஆறு படங்கள் எதற்கு என்பது அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறார். போகக்கூடாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஊருக்குச் சொல்லக் கொம்பு இருந்தது. அப்பா ஒரு கிழமை முன்னதாகவே பாயைக் கட்டினார். மாமி வீட்டு முற்றத்தில் அவரும், என் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அம்மாவும், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே கிழமையில் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அம்மா, போகாமலிருக்கத் தீர்மானித்து எழுதினார். அப்பா, போகவிடத் தீர்மானித்து எழுதினார். இருவரும் விட்டுக்கொடுத்துவிட்ட பிறகு யார் சொன்னது நடப்பது என்பதைப் பேசி முடிக்க அவர்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. இம்முறை நடுவில் நிற்க என்னை அழைக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு கசெட் வந்தது. யாரோ ஊருக்கு வந்தவர் கையில் கொடுத்துவிட்டிருந்தார். நானும் அப்பாவும் குசினியில் இருந்து கேட்டோம். பேன் பார்த்துக்கொள், கணக்கில் கவனம், மாமாவோடு வாய் காட்டாதே என்றெல்லாம் அம்மா சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு தன் இரண்டு வரியைப் பாடினார். அதன் பிறகு ஒன்றுமில்லை. ஏதோ ஒரு யந்திரத்தின் இரைச்சல் மட்டும். முடிந்துவிட்டது என்று எண்ணி அப்பா கசெட்டைத் திருப்பக் கை வைத்தபோது, “பாடிற்றீங்களா? சரி, இனி எல்லாரும் சேந்து” என்றது அம்மாவின் குரல்.

அப்பா கசெட்டைப் பின்னால் ஓடவிட்டார். இரண்டாம் முறை அந்த இடம் வந்தபோது தன் இரண்டு வரியைப் பாடினார். சரியாகப் பொருந்தியது, அம்மா அளந்துதான் விட்டிருந்தார். அம்மா திரும்பி வரும் வரைக்கும், நான்கு வருடமும், கசெட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் அந்த வெற்றிடம் இருந்தது. மழை பெய்கிற நாட்களில்கூட இதை ஏன் பாடுகிறார்கள் என்று மட்டும் எனக்கு அந்த வயதில் தெரியவில்லை.

அப்பா காலமாகி மூன்று வருடமாகிறது. அம்மாவை, நான் குடியிருக்கும் நாவற்குடாவுக்கு, என்னோடு அழைத்து வந்துவிட்டேன். பின்னேரங்களில் குசினியில் இருந்து இறால் கோது கழற்றும்போது அம்மா தன் இரண்டு வரியைப் பாடுவார். பாடிவிட்டு, கையில் எடுத்த இறாலை அப்படியே வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். மிச்சத்தை மறந்துவிட்டார் என்றே தொடக்கத்தில் எண்ணினேன். பிறகு ஒருநாள், மற்ற இரண்டு வரியை நான் பாடினேன். பிறப்பால் அது என் பங்கு. அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த இறாலை எடுத்தார்.

இப்போது இந்த வீட்டில் வடசேரிக்கு ஒருவரும் தென்சேரிக்கு ஒருவரும் இருக்கிறோம்.